பழைய செங்கல், கல் சுவர்களைப் பழுது பார்த்துப் பராமரிப்பது: முழுமையான வழிகாட்டி

பழைய செங்கல் சுவர்களில் இதை அடிக்கடி காணலாம்: செங்கற்களின் முகம் ஒரு விரற்கடை உள்வாங்கிக் குழிந்து கிடக்கும், சுற்றியுள்ள சிமெண்ட் சாந்து மட்டும் தேன்கூட்டின் அறைச்சுவர் மாதிரி வெளியே துருத்தி நிற்கும். சாந்து உறுதியாகத்தான் இருக்கிறது, செங்கல்தான் மட்டமான சூளைச் சரக்கு என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் செங்கலைத் தின்றது அந்தச் சாந்துதான்.

போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். அது கட்டுமானத் தொழிலை முழுதாகப் பிடித்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் எழுந்த சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டப்பட்டவை. பலவற்றில் நிலத்து ஈரம் (ஓதம்) மேலேறாமல் அடியில் தடுக்கும் ஓதத் தடுப்புப் பட்டையே கிடையாது. நீர் உள்ளே வரும், செங்கற்களுக்கு இடையே சாந்து நிரப்பிய இணைப்புகள் வழியே ஆவியாகி வெளியேறும். அதுதான் அந்தச் சுவரின் ஏற்பாடு. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. ஈரமும் உப்பும் முதலில் அதைத்தான் அரிக்கும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்பினால் செங்கல்லுக்குச் சேதமே வராது.

அந்த வழியைச் சிமெண்டால் அடைத்துவிட்டால் ஈரம் செங்கல்லின் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கூடவே வரும் உப்பு, தோலுக்குச் சற்று உள்ளே படிகமாகி, தோலைத் தள்ளி உதிர்க்கும். கணக்கும் அதையே சொல்கிறது. 1:3 சிமெண்ட் சாந்தின் அழுத்தவலிமை 15 மெகா பாஸ்கலை எளிதில் தாண்டும். நீரில் நீற்றிக் குழைத்த சுண்ணாம்பால், அதாவது குழைசுண்ணாம்பால், ஆன சாந்துக்கு அது 1, 2தான். சுவர் அசையும்போது சுண்ணாம்பு விட்டுக்கொடுக்கும். சிமெண்ட் விட்டுக்கொடுக்காது, பக்கத்துச் செங்கலை உடைக்கும். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். கருங்கல் சுவருக்கும் இதே விதிதான்.

முதலில் நீரைத் தேடுங்கள்

உளியைத் தொடுவதற்கு முன் ஒரு நல்ல மழையில் குடையோடு போய்ச் சுவரைப் பாருங்கள். வெயில் நாளில் ஒரு மணி நேரம் பார்த்தாலும் தெரியாதது மழையில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கூரை வாரி எங்கே நிரம்பி வழிகிறது, இறங்குகுழாயின் மூட்டு எங்கே கசிகிறது, கைப்பிடிச்சுவரின் தலையில் விழும் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, தரையில் விழுந்தது சுவரடிக்குத் திரும்பி வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மழை விட்டு 2 நாள் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் கறுத்திருக்கும் இடங்கள்தான் வேலை இருக்கும் இடங்கள்.

ஈரத்தின் உயரமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அடியிலிருந்து சுமார் 1 மீட்டர் வரை பட்டையாக ஏறி, மேல் விளிம்பில் வெள்ளைக் கோடு விட்டிருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். மேலிருந்து நாக்கு நாக்காக இறங்கினால் சுவர்த்தலையோ வாரியோ கோளாறு. நடுவில் தனித் திட்டாக இருந்தால் குழாய்க் கசிவையோ திறந்த இணைப்பையோ தேடுங்கள். மழையே இல்லாத புழுக்க நாளில் மட்டும் ஈரம் தெரிந்தால், சுவருக்குள் இருக்கும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது என்று பொருள்.

தீர்வுகள் பல சமயம் எளியவை. வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். ஆண்டாண்டாக மண்ணும் தளக்கற்களும் சேர்ந்து ஏறியிருந்தால் வெட்டி இறக்குங்கள். சுவரை ஒட்டிப் போட்ட கான்கிரீட் தளத்தை 200, 300 மி.மீ. அகலத்துக்கு உடைத்தெடுத்துச் சரளை நிரப்பினால் அந்த ஈரம் சுவரில் ஏறாமல் அங்கேயே உலரும். சுவர்த்தலைக் கல் சாய்வாக இருக்க வேண்டும். சுவரைத் தாண்டி 40, 50 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும், அடியில் நீர் சொட்டுவதற்கான காடி வேண்டும். காடி இல்லாவிட்டால் நீர் கல்லின் அடிப்பக்கமாகத் தவழ்ந்து மறுபடி சுவருக்கே வந்துவிடும். மண்ணைத் தாங்கும் சுவர் என்றால் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். அடைபட்ட துளைக்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தம் சுவரையே சாய்த்துவிடும்.

நீரை நிறுத்திய பின் சுவர் உலரக் காத்திருக்க வேண்டும். தடித்த சுவருக்குப் பல மாதங்கள் ஆகும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டுப் பூசிய சுவர்கள் அடுத்த ஆண்டே உப்பரித்து உதிர்கின்றன.

விரிசல்: அசைகிறதா, நின்றுவிட்டதா?

விரிசலை அடைக்கும் முன் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, இரு முனைகளிலும் தேதியும் அகலமும் எழுதுங்கள். இரு பக்கமும் சிறு திருகாணி பதித்து, இடைவெளியை வெர்னியர் அளவியால் மாதம் ஒருமுறை அளந்தால் இன்னும் நல்லது. ஓர் ஆண்டு முழுக்க அளந்தால்தான் கோடையும் மழையும் உண்டாக்கும் இயல்பான அசைவைக் கழிக்க முடியும்.

இணைப்புகள் வழியே படிக்கட்டாக இறங்கும் விரிசல் அடித்தள அசைவைக் காட்டுகிறது. மேலே அகலமாக இருந்தால் சுவரின் ஒரு முனை அமிழ்கிறது என்றும், கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி தொய்கிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். மூலையில் நெட்டாக ஓடினால் இரு சுவர்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. படுக்கையாக ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை இருந்தால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். எந்தக் கல்லும் அதைத் தாங்காது. அந்த இரும்பை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு வைப்பதே வழி.

5 மி.மீ.க்கு மேற்பட்ட விரிசல், வளர்ந்துகொண்டிருக்கும் எந்த விரிசலும், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சுவர்த் தடிமனில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வரும் சாய்வு அல்லது புடைப்பு, இவற்றுக்குப் பழைய கட்டடங்கள் தெரிந்த பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை முட்டுக்கொடுத்து நிறுத்தி வையுங்கள்.

அசைவு நின்றுபோன விரிசலைத் தைக்கலாம். நான்கைந்து வரிசைக்கு ஒருமுறை படுக்கை இணைப்பை 35, 40 மி.மீ. ஆழம் சுரண்டி, 6 மி.மீ. முறுக்கிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை விரிசலுக்கு இரு பக்கமும் குறைந்தது 500 மி.மீ. நீளும்படி பதித்து, மேலே சுண்ணாம்புச் சாந்தால் மூடுங்கள். உடைந்த செங்கற்களை மாற்றுங்கள். விரிசலின் வாயில் மட்டும் சிமெண்ட் பூசுவதால் ஒன்றும் ஆகாது. அடுத்த அசைவில் பக்கத்திலேயே புதிதாக ஒன்று திறக்கும்.

சாந்து: எதைக் கலப்பது, எவ்வளவு

முதலில் இருப்பதைச் சோதியுங்கள். சாவியால் கீறினால் சுண்ணாம்புச் சாந்து பொடியும், உள்ளே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சிமெண்ட் சாம்பல் நிறத்தில் கீறலுக்கு அசையாது. மேற்பரப்பு யாரோ பின்னால் பூசியதாக இருக்கலாம். அதனால் 50 மி.மீ. உள்ளிருந்து துண்டு எடுங்கள். அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து மணல் மட்டும் மிஞ்சும். அந்த மணலின் பருமனையும் நிறத்தையும் பார்த்துப் புது மணலைத் தேர்ந்தெடுங்கள். பழைய சாந்தின் நிறம் பெரும்பாலும் மணலின் நிறம்தான், சாயப்பொடி தேவைப்படாது.

மணல் கூர்முனை உள்ளதாக, பெரிதும் சிறிதும் கலந்ததாக இருக்கட்டும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மணலும் நீரும் ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். மேலே படியும் சேறு, மணல் படிவின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் கழுவிப் பயன்படுத்துங்கள். கடல்மணல் வேண்டவே வேண்டாம், அதன் உப்பு சுவரை விட்டுப் போகாது.

விகிதத்தை மணலே சொல்லும். உலர்ந்த மணலை 1 லிட்டர் பாத்திரத்தில் தட்டி நிரப்பி, அளந்த நீரை மணலின் மேல்மட்டம் வரை மெல்ல ஊற்றுங்கள். 330 மி.லி. பிடித்தால் மணலின் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு. அதை நிரப்பச் சுண்ணாம்பு 1, மணல் 3. நீர் 400 மி.லி. பிடித்தால் 1க்கு 2½. சுண்ணாம்பு குறைந்தால் சாந்து பொடியும், மிகுந்தால் சுருங்கி வெடிக்கும்.

சுண்ணாம்பில் இரண்டு வகை. நீற்றிய குழைசுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாக இறுகும். குறைந்தது 3 மாதம் நீரின் அடியில் ஊறியிருக்க வேண்டும். மென்மையான செங்கல்லுக்கு இதுவே நல்லது. சீக்கிரம் இறுக வேண்டுமானால் நன்கு அரைத்த செங்கல் தூள் சேர்க்கலாம்: சுண்ணாம்பு 1, மணல் 2½, தூள் ½. அதிக வெப்பத்தில் வெந்து கறுத்த செங்கல்லின் தூள் வினைபுரியாது, இளஞ்சிவப்பாக வெந்ததே ஆகும். இரண்டாவது வகை, நீரிலேயே இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு. என்.எச்.எல் 2, 3.5, 5 என்று மூட்டையில் போட்டிருக்கும் எண் 28 நாளில் எட்டும் குறைந்தபட்ச வலிமையைக் குறிக்கிறது. சாதாரண வெளிச்சுவருக்கு 3.5 போதும். 5ஐ சுவர்த்தலை, கடினக் கல் போன்ற இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கலவையிலும் ‘கொஞ்சம் பிடிமானத்துக்கு’ என்று சிமெண்ட் தூவாதீர்கள்.

அளவுக் கணக்கு: 220 × 70 மி.மீ. முகமுள்ள செங்கல், 10 மி.மீ. இணைப்பு என்றால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 16 மீட்டர் இணைப்பு வரும். 25 மி.மீ. ஆழம் நிரப்ப 4 லிட்டர் சாந்து ஆகும், சிதறலோடு 5 என்று கொள்ளுங்கள். 5 லிட்டர் மணலுக்குச் சுண்ணாம்பு 1.7 லிட்டர்.

சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் சுடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவி உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது நீரில்தான் கல்லைப் போட வேண்டும். கல்லின் மேல் நீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

பாயிண்டிங்: இணைப்பை மறுபடி நிரப்புதல்

முழுச் சுவரையும் சுரண்ட வேண்டியதில்லை. திடமாக இருக்கும் பழைய சாந்தை விட்டுவிடுங்கள். இணைப்பின் அகலத்தைவிட ஆழமாக அரித்த இடங்கள், பொடியாக உதிரும் இடங்கள், செங்கலைக் கெடுக்கும் சிமெண்ட் இவற்றைத்தான் எடுக்க வேண்டும். எளிதில் பெயராத சிமெண்டைப் பெயர்த்தே தீர வேண்டுமென்று செங்கல் ஓரங்களை உடைப்பதைவிட, அது தானாகத் தளரும்வரை விட்டுவைப்பது மேல்.

இணைப்பைவிடக் குறுகிய உளியை எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறையப் பாதி அகலம். சாந்தின் நடுவில் குத்தித் தளர்த்தி, பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். உளியை ஆப்பு மாதிரி இறுக்கி அடித்தால் செங்கல் முனை தெறிக்கும். சிமெண்ட் கடினமாக இருந்தால் நடுக்கோட்டில் வரிசையாகத் துளைபோட்டுவிட்டு உளி வையுங்கள். சுழலும் வெட்டுச் சக்கரத்தை நெட்டிணைப்புகளில் ஓட்டவே கூடாது. மேலும் கீழும் உள்ள செங்கற்களில் அது கீறும் கோடு என்றைக்கும் மறையாது. சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும், தூசு வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம்.

ஆழம் அகலத்தைப்போல 2 முதல் 2½ மடங்கு. எப்படியானாலும் 20 மி.மீ.க்குக் குறையாமல். பின்பக்கம் சதுரமாக இருக்கட்டும், கிண்ணம் போலக் குழிந்திருந்தால் சாந்துக்குப் பிடிப்பிருக்காது. தூசை மென்தூரிகையால் கூட்டி, மேலிருந்து கீழாக நீர் தெளித்துக் கழுவுங்கள். முந்தைய நாள் மாலையே நனைத்துவைத்து, வேலைக்குச் சற்று முன் மறுபடி தெளியுங்கள். சுவர் ஈரமாக இருக்க வேண்டும், நீர் பளபளவென்று நிற்கக் கூடாது. வறண்ட செங்கல் சாந்தின் நீரை உடனே உறிஞ்சிவிடும்; சாந்து இறுகாமல் தூளாகும். பாயிண்டிங் கெடுவதற்கு முதற்காரணம் இதுதான்.

சாந்தை எவ்வளவு கெட்டியாகப் பிசைய முடியுமோ அவ்வளவு கெட்டியாகப் பிசையுங்கள். உள்ளங்கையில் உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. குழைசுண்ணாம்புச் சாந்து முதலில் வறண்டு தெரியும். நீர் ஊற்ற அவசரப்படாமல் 15, 20 நிமிடம் மிதித்தோ இடித்தோ பிசைந்தால் தானாகவே குழையும்.

இணைப்பின் அகலத்துக்குப் பொருந்தும் நாக்குக் கரணையால், பலகையிலிருந்து தள்ளி உள்ளே திணியுங்கள். முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். ஒரு தடவையில் 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஆழமான குழியில் அடுக்கடுக்காக, ஒவ்வொன்றும் விரல்நகம் பதியுமளவு இறுகிய பின் அடுத்தது. அகன்ற கல் இணைப்பில் கற்சில்லுகளைச் சாந்தோடு செருகினால் சுருக்கம் குறையும். செங்கல் முனைகள் மழுங்கியிருந்தால் சாந்தைச் சற்று உள்ளேயே நிறுத்துங்கள். முனைக்கு மேல் இழுத்துப் பூசினால் இணைப்பு இருமடங்கு அகலமாகத் தெரியும். அந்த மெல்லிய விளிம்பு முதல் மழையிலேயே விரிந்து நீரை உள்ளே விடும்.

கரணையால் தேய்த்து மழமழப்பாக்காதீர்கள். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் பதியாமல், நகத்தால் கீறினால் கோடு விழும் பருவம் வரும்வரை காத்திருங்கள். அப்போது விறைப்பான தூரிகையின் முனையால் நேராகத் தட்டுங்கள். மேலே மிதந்த சுண்ணாம்புப் பாலாடை நீங்கி மணல் பருக்கைகள் தெரியும், ஓரத்தில் விழுந்த மெல்லிய சுருக்க விரிசல்களும் அடைபடும். சீக்கிரம் தட்டினால் தூரிகையில் சாந்து அப்பிக்கொண்டு வரும், பருவம் தப்பினால் தட்டியும் பயனில்லை.

பிறகு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும். கடும் வெயிலில் 2 வாரம். பனி உறையும் காலத்தில், 5 பாகை செல்சியஸுக்குக் கீழே வேலையே தொடங்காதீர்கள். குழைசுண்ணாம்பு உள்ளே இறுகிவிட்டதா என்று அறிய, ஓரமாக ஒரு துணுக்கை உடைத்து ஃபீனால்ஃப்தலீன் கரைசலைச் சொட்டுங்கள். அடர் இளஞ்சிவப்பாக மாறும் பகுதியில் சுண்ணாம்பு இன்னும் காற்றோடு சேரவில்லை. வெளி விளிம்பு வெண்மையாகவும் உள்ளே சிவப்பாகவும் மாதக்கணக்கில் இருப்பது இயல்பே.

கெட்ட செங்கலை மாற்றுதல்

சுற்றிலும் உள்ள சாந்தில் நெருக்கமாகத் துளைபோட்டு, செங்கலை உடைத்து எடுங்கள். முழுசாக வந்தால் திருப்பிப் பாருங்கள். பின்முகம் நன்றாக இருந்தால் அதையே திருப்பி வைக்கலாம், நிறமும் அளவும் தானாகப் பொருந்தும். ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று நான்குக்கு மேல் எடுக்க வேண்டாம். குழியைக் கழுவி நனைத்து, ஊறவைத்த செங்கலின் அடியிலும் பக்கத்திலும் சாந்து தடவிச் செருகி, மேல் இணைப்பை நாக்குக் கரணையால் பின்வரை இறுகத் திணியுங்கள். அந்த மேல் இணைப்பு பொள்ளலாக இருந்தால் புதுச் செங்கல் சுமையே ஏற்காது. கடினமான புதிய எந்திரச் செங்கலைப் பழைய மென்செங்கற்களுக்கு நடுவே வைத்தால் சுற்றியுள்ளவை சிதையும்.

கல் சுவருக்குத் தனியாகச் சில

தடித்த கல் சுவர் பெரும்பாலும் இரண்டு தோல், நடுவே சில்லும் சாந்தும் கொட்டிய வயிறு. நீர் உள்ளே இறங்கிச் சாந்தைக் கரைத்துவிட்டால் தோல்கள் பிரிந்து புடைக்கும். ரப்பர் சுத்தியால் தட்டி, பொள்ளல் ஒலிக்கும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள். அரை மீட்டருக்கு ஒன்றாக இணைப்புகளில் குழாய் செருகி, முந்தைய நாள் நீர் விட்டு நனைத்து, நீர்க்கச் சுண்ணாம்புக் கலவையை அடிவரிசையிலிருந்து மேலாக, புவியீர்ப்பில் மட்டும் ஊற்றுங்கள். ஒரு நாளில் 1 மீட்டர் உயரம் போதும். எந்திரத்தால் அழுத்தி ஏற்றினாலோ அவசரப்பட்டு உயர்த்தினாலோ திரவத்தின் அழுத்தமே வெளித்தோலைத் தள்ளிச் சரித்துவிடும். உள்ளே மண் சாந்து இருந்தால் இந்த முறையே ஆகாது. அங்கே தோலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இரண்டையும் கட்டும் நீளக்கற்கள் வைத்துத் திரும்பக் கட்ட வேண்டும்.

மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற படிவுக் கற்களை மாற்றும்போது படுகைக் கோடுகள் படுக்கையாக இருக்கும்படி வையுங்கள். நட்டுக்குத்தாக வைத்த கல் புத்தகத் தாள் மாதிரி ஏடு ஏடாக உரியும்.

உப்பும் செடியும்

வெள்ளையாகப் பூத்த உப்பை நீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து உள்ளே திரும்பிப் போய்விடும். வறண்ட நாளில் உலர்ந்த தூரிகையால் கூட்டி, கீழே தாள் விரித்துச் சேகரித்து அப்புறப்படுத்துங்கள். உப்பு மிகுந்த சுவரில் மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஒன்றை 15, 20 மி.மீ. பூசினால் உப்பு அதில் ஏறும். அது உதிரத் தொடங்கியதும் பெயர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். அந்தப் பூச்சு அழியத்தான் இருக்கிறது.

ஆல், அரசு போன்ற செடிகளைப் பிடித்து இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வெட்டிய சில நிமிடங்களுக்குள் களைக்கொல்லியை வெட்டுவாயில் மட்டும் தடவி, வேர் முழுதாகச் சாகும்வரை காத்திருங்கள். பிறகு அந்த இடத்து வரிசைகளைப் பிரித்து வேரை எடுத்துத் திரும்பக் கட்டுங்கள். உள்ளே விட்ட வேர் மக்கினால் நீருக்குக் குழாயாகும், சாகாத வேர் அடுத்த மழையில் துளிர்க்கும்.

செய்யக் கூடாதவை

மணல் வீச்சு, உயர் அழுத்த நீர், அமிலக் கழுவல் மூன்றுமே செங்கல்லின் வெந்த தோலைக் கிழிக்கும். அந்தத் தோல் போனபின் செங்கல் பஞ்சாக நீரை உறிஞ்சும். அமிலம் சுண்ணாம்பையும் கரைத்து, புது உப்பையும் விட்டுப்போகும். பிளாஸ்டிக் பெயிண்டும் நீர் ஒட்டாத பூச்சுகளும் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். நிறம் வேண்டுமென்றால் சுண்ணாம்பு வெள்ளையடிப்பு: பால் பதத்தில் கரைத்து, நனைத்த சுவரில் மெல்லியதாக 4, 5 கை, ஒரு கைக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் இடைவெளி.

ஆண்டுக் கணக்கில்

மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் வாரிகளையும் இறங்குகுழாய்களையும் வழித்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சுவரின் ஒவ்வொரு பக்கத்தையும் அதே இடத்தில் நின்று, அதே நேர வெளிச்சத்தில் படமெடுத்துத் தேதி போட்டு வையுங்கள். ஐந்து படங்களை வரிசையாக வைத்தால், கண்ணுக்குத் தெரியாமல் நகரும் புடைப்பும் விரிசலும் தெரியவரும். விரல் நுழையும் இணைப்பைக் கண்டால் அந்த ஆண்டே அடையுங்கள். இப்போது ஒரு கை சாந்து போதும். வெள்ளையடிப்பை 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். பழுது பார்த்த தேதி, எடுத்த சுண்ணாம்பு வகை, மணல், விகிதம் எல்லாவற்றையும் படங்களோடு எழுதிச் சேர்த்து வையுங்கள். அடுத்து அந்தச் சுவரில் உளி வைக்கும் கொத்தனார், உள்ளிருப்பது என்னவென்று உடைத்துப் பார்க்க வேண்டியிருக்காது.